ஒரே புலியா, மூன்று புலியா?

மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடிய ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை விடியற்காலை, வட்டவளையில் ஒரு லயத்தின் பின்புறம் கட்டியிருந்த நாயைக் காணவில்லை. சங்கிலி மட்டும் கிடக்கிறது. செவ்வாய் இரவு ரொசல்லைப் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டு போனவர், விளக்கு வெளிச்சத்தில் நீண்ட வாலுடைய ஒன்று பாதையைக் கடந்து தேயிலைக்குள் நுழைவதைப் பார்க்கிறார். வியாழக்கிழமை வேறொரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கானோரத்து ஈரமண்ணில் நகம் பதியாத அகலமான காலடியைக் கண்டு திரும்பி வருகிறார்கள். சனிக்கிழமை ஹட்டன் பஸ்ஸில் இதே பேச்சுத்தான். பத்துப் புலி இறங்கிவிட்டது என்பார் ஒருவர். எல்லாம் ஒரே புலியின் வேலை, கூண்டு வைத்துப் பிடித்தால் தீர்ந்தது என்பார் இன்னொருவர்.

இதில் யார் சொல்வது சரி? கேள்வி எளிமையானதுபோலத் தோன்றினாலும், உலகமெங்கும் விலங்கியலாளர்களை நீண்ட காலம் திணறடித்த கேள்வி இது. கண்ணில் படாத ஒரு விலங்கை எப்படி எண்ணுவது? எண்ணிக்கை தெரியாமல் அதைப் பிடிப்பதா விடுவதா என்று எப்படி முடிவெடுப்பது?

தோட்டத்தில் நாம் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். வரிப்புலியோ சிங்கமோ இன்று இத்தீவின் காடுகளில் இல்லை. இலங்கைச் சிறுத்தையைத் தனி உபஇனமாக 1956இல் விவரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல. சிங்களத்தில் அதை அழைக்கும் 'கொட்டியா' என்ற பெயரையே விஞ்ஞானப் பெயரிலும் சேர்த்தார். இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் சிறுத்தை தன்னைவிடப் பெரிய வேட்டை விலங்குகளுக்கு வழிவிட்டு வாழ்கிறது. இங்கே அதற்கு மேல் யாரும் இல்லை. உணவுச்சங்கிலியின் உச்சியில் இருக்கும் இத்தகைய விலங்கை உச்சக் கொன்றுண்ணி என்கிறோம். உச்சியில் இருப்பது எப்போதும் எண்ணிக்கையில் குறைவு. தீவு முழுவதும் சேர்த்து முதிர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

இவற்றில் ஒரு பகுதி யாலவிலும் வில்பத்துவிலும் சுற்றுலாப் பயணிகளின் ஜீப்புகளுக்கு நடுவே வாழ்கிறது. இன்னொரு பகுதி நமக்கு மிக அருகில் வாழ்கிறது. வட்டவளையின் நில அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம் இது. தெற்கே மஸ்கெலியாவுக்கு அப்பால் சிவனொளிபாதமலைக் காடு தொடங்குகிறது. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. அந்தப் பெருங்காட்டுக்கும் நம் லயங்களுக்கும் நடுவில் தேயிலை மட்டும் இருக்கிறது என்று நினைத்தால் தவறு. ஆற்றோர மரத்தொகுதிகள், செங்குத்துப் பாறைச்சரிவுகள், மானாப் புல் மண்டிய மேடுகள், டர்பன்டைன் தோப்புகள், பராமரிப்பின்றிக் காடாகிப்போன தேயிலை என எத்தனையோ துண்டு நிலங்கள் இருக்கின்றன. கோப்பிக்காலத்திலிருந்து காட்டை வெட்டிக்கொண்டே மேலேறிய தோட்டங்கள், 5000 அடிக்கு மேல் காடழிக்கக் கூடாது என்று 1873இல் வந்த கட்டுப்பாட்டால் பல இடங்களில் மலைமுகட்டின் கீழே நின்றன. முகட்டுக் காடும் ஓடைக் காடும் மிஞ்சின. மனிதர் கண்ணுக்கு இவை சிதறிய துண்டுகள். இரவில் நடக்கும் சிறுத்தைக்கு, தேயிலை மலையைக் குறுக்கே கடந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்விடலாம்.

இலங்கைச் சிறுத்தையைப் பற்றிய முதல் முறையான ஆய்வு உலர்வலயத்தில், வில்பத்துவில் நடந்தது. நான்சி மக்கன்ஹேர்ன், ஜோன் ஐசன்பேர்க் ஆகிய இருவரும் அதன் நடமாட்ட எல்லையையும் இரையையும் பற்றி 1973இல் எழுதினார்கள். அங்கே திறந்த வெளி உண்டு, நீர்நிலையோரம் காத்திருந்தால் விலங்கைக் கண்ணாலே பார்க்கலாம். மலையகத்தில் அந்த வசதி கிடையாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யாலவில் ஆய்வைத் தொடங்கிய அஞ்சலி வொட்சன், அண்ட்ரூ கிட்டில் இணையர் பின்னர் மலைநாட்டுக்கு வந்தார்கள். 2004இல் அவர்கள் நிறுவிய வனப்பிரதேச, வனஜீவராசிகள் பாதுகாப்பு அறக்கட்டளை, காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய டன்கெல்ட் தோட்டத்தில் ஒரு நிலையத்தை வைத்து, ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளின் தேயிலை நிலச் சிறுத்தைகளைப் பின்தொடர்கிறது. தேசியப் பூங்காவுக்கு வெளியே, மனிதர் வேலை செய்யும் நிலத்திலேயே இந்த விலங்கைப் படிக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி எண்ணும் வேலைக்கு வருவோம். காலடித் தடத்தைப் பார்த்து எண்ணலாமே என்று தோன்றும். இந்தியாவில் பல பத்தாண்டுகள் வரிப்புலிகளை அப்படித்தான் எண்ணினார்கள். ஒரே விலங்கின் ஒரே பாதம் சேற்றில் ஒரு மாதிரி, மணலில் ஒரு மாதிரி, சரிவில் வேறு மாதிரி பதியும். எண்ணுகிறவரின் ஊகம் கணக்கில் கலந்துவிடும். ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் புலிகள் இருப்பதாகத் தடக் கணக்கெடுப்புகள் சொல்லிக்கொண்டிருக்க, 2004, 2005 ஆண்டுகளில் தேடிப் பார்த்தபோது அங்கே ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. அதன்பின் அந்த முறை கைவிடப்பட்டது. வட்டவளை மழையில் காலடித் தடம் அரைநாள்கூடத் தங்காது என்பது வேறு விஷயம்.

சிறுத்தை தன் அடையாள அட்டையை உடம்பிலேயே சுமக்கிறது. அதன் மஞ்சள் தோலில் இருப்பவை வெறும் புள்ளிகள் அல்ல. நடுவில் சற்றுக் கருமையான மஞ்சளும் சுற்றிலும் உடைந்த கறுப்பு வளையமுமாக, பூப்போன்ற அமைப்பு அது. பூப்புள்ளி என்று சொல்லலாம். ஒரு சிறுத்தையின் பூப்புள்ளிகள் இன்னொன்றினுடையவை போல இருப்பதில்லை. குட்டியில் அமைந்த ஒழுங்கு சாகும்வரை மாறுவதுமில்லை. ஒரே விலங்கின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வெவ்வேறானவை. ஆகவே ஆய்வாளர்கள் சிறுத்தை நடக்கக்கூடிய ஒற்றையடிப்பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே இரண்டு தானியங்கிக் கெமராக்களைக் கட்டுகிறார்கள். வெப்பமுள்ள உடல் ஒன்று முன்னால் அசைந்தால் கருவியிலுள்ள உணரி விழித்துக்கொண்டு படம் எடுக்கும். இரண்டு கெமராக்களும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் இந்த இடப்பக்கமும் அந்த வலப்பக்கமும் ஒரே உடலுக்குரியவை என்று தெரியும். பிறகு மேசையில் உட்கார்ந்து, தோளிலும் விலாவிலும் தொடையிலும் உள்ள பூப்புள்ளிகளைப் படத்துக்குப் படம் ஒப்பிட வேண்டும். இன்று கணினி நிரல்கள் உதவினாலும் கடைசித் தீர்ப்பு மனிதக் கண்ணினுடையது.

இதுவரை கிடைத்தது படத்தில் விழுந்த சிறுத்தைகளின் கணக்கு. கெமராவில் படாமல் போனவை எத்தனை? இங்கேதான் இந்த ஆய்வின் அழகான யோசனை வருகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அறிய வேண்டும். எல்லோரையும் நிறுத்தி எண்ண முடியாது. முதல்நாள் மாலை கூட்டத்தில் அங்கங்கே நிற்கும் 40 பேரின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டுகிறோம். மறுநாள் மாலை, அதே கூட்டத்தில் கண்ணில் படும் 50 பேரின் கையைப் பார்க்கிறோம். அவர்களில் 10 பேரிடம் கயிறு இருக்கிறது. அதாவது ஐந்து பேரில் ஒருவரிடம். நாம் கட்டிய 40 கயிறும் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு என்றால், கூட்டம் ஏறக்குறைய 200 பேர். பார்த்த 50 பேரில் 40 பேரிடமும் கயிறு இருந்திருந்தால், கூட்டமே ஏறக்குறைய அந்த 50 பேர்தான் என்று பொருள். ஒருவரிடமும் இல்லையென்றால், கூட்டம் நாம் நினைத்ததைவிட மிகப் பெரியது.

இதற்குக் குறியிட்டு மீளக்காணும் முறை என்று பெயர் வைக்கலாம். மீன்களையும் பறவைகளையும் எண்ணப் பழைய காலத்திலேயே பயன்பட்டது. சிறுத்தைக்குக் கயிறு கட்டத் தேவையில்லை, பூப்புள்ளியே கயிறு. முதல் வாரங்களில் படத்தில் பட்ட சிறுத்தைகள் பிந்திய வாரங்களில் எத்தனை தடவை திரும்ப வருகின்றன, புதிய முகங்கள் எத்தனை வருகின்றன என்ற விகிதத்திலிருந்து படாதவற்றையும் சேர்த்து மதிப்பிடலாம். இந்தியாவின் உல்லாஸ் கரந்த், கர்நாடகத்து நாகரஹொளைக் காட்டில் வரிப்புலிகளுக்கு இதைச் செய்து 1995இல் வெளியிட்டார். பெரும் பூனைகளை எண்ணுவதில் அதுவே திருப்புமுனை.

கயிறுக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. இரண்டு மாலைக்கும் இடையில் கூட்டம் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. கயிறு அவிழ்ந்து விழக் கூடாது. கயிறு கட்டியவர் நம்மைக் கண்டு ஒளியக் கூடாது. சிறுத்தை ஆய்விலும் அப்படியே. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால் இடையில் சில இறக்கும், சில குட்டிகள் தாயைப் பிரிந்து வெளியேறும்; ஆகவே குறுகிய காலத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு சிறுத்தையின் நடமாட்டப் பரப்புக்குள் ஒரு கெமராவாவது விழும்படி அடர்த்தியாக வைக்க வேண்டும். இல்லையேல் இடைவெளிக்குள் ஒரு தாய்ச் சிறுத்தை நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகும். ஓரத்தில் இருக்கும் கெமராவில் படுவது பக்கத்து மலைச் சிறுத்தையாகவும் இருக்கலாம் என்பதால், எந்தச் சிறுத்தை எந்தெந்தக் கெமராவில் பட்டது என்ற இடக் கணக்கையும் இன்றைய முறைகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆகையால்தான் நல்ல ஆய்வாளர் ஒற்றை எண்ணைச் சொல்ல மாட்டார். இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்பார். அது தயக்கம் இல்லை, நேர்மை.

கருஞ்சிறுத்தை வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அது தனி இனம் அல்ல. கறுப்பு நிறமி மிகுந்த சாதாரணச் சிறுத்தைதான், பூப்புள்ளிகள் கருமைக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. மலாயத் தீபகற்பத்தில் ஏறக்குறைய எல்லாச் சிறுத்தைகளும் கறுப்பு. அங்கே எண்ணவே முடியாது என்று விட்டிருந்தார்கள். கெமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும்படி மாற்றியபோது அந்தக் கருமைக்குள்ளிருந்து பூப்புள்ளிகள் தெளிவாக எழுந்து வந்தன. அந்த ஆய்வு 2015இல் வெளியானது. இன்னொன்றையும் அறிய வேண்டும். கறுப்பு நிறம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி மஞ்சளாகவே பிறக்கும், மரபணு மட்டும் உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு மலையில் ஒரு கருஞ்சிறுத்தை தென்பட்டால், அந்தச் சுற்றுவட்டாரத்து மஞ்சள் சிறுத்தைகளிலும் சில அந்த மரபணுவைச் சுமக்கின்றன என்று துணிந்து சொல்லலாம்.

எண்ணிய பிறகு, அவை எப்படி இடம் பிரித்துக்கொள்கின்றன என்ற கேள்வி. முதிர்ந்த சிறுத்தை தனியே வாழும். தான் வேட்டையாடி வாழும் பரப்பை அது தெரிந்து வைத்திருக்கும், காவல் காக்கும். அதை ஆட்சிப்புலம் என்போம். ஆணின் ஆட்சிப்புலம் பெரியது. அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறிய ஆட்சிப்புலங்கள் அடங்கியிருக்கும். மரத்தண்டில் நகம் கீறியும், இலைகளில் மூத்திரம் பீய்ச்சியும், பாதை நடுவே எச்சமிட்டும், மரம் அறுப்பதுபோன்ற கரகரத்த குரலில் உறுமியும், இங்கே ஆள் இருக்கிறது என்று மற்றவைக்குத் தெரிவிக்கும். இதனால் நேருக்கு நேர் சண்டைகள் குறைகின்றன. காயம்பட்ட வேட்டை விலங்கு பட்டினி கிடந்து சாகும் என்பதால், சண்டையைத் தவிர்ப்பதில் இரு பக்கத்துக்கும் நன்மை உண்டு.

இப்போது நம் வாரத்துக்குத் திரும்பலாம். ஆண் சிறுத்தை ஓர் இரவில் பல கிலோமீற்றர் நடக்கும். வட்டவளையும் ரொசல்லையும் அதற்கு அடுத்தடுத்த வீடு. ஆகவே அந்த மூன்று சம்பவங்களும் ஒரே ஆணுடையதாக இருக்கலாம். ஓர் ஆணும் அதன் பரப்புக்குள் வாழும் இரண்டு பெண்களுமாகவும் இருக்கலாம். நாயும் காலடியும் விளக்கு வெளிச்சமும் இதைத் தீர்க்காது, பூப்புள்ளிதான் தீர்க்கும். பத்து என்று சொன்னவர் ஏன் மிகையாகச் சொன்னார் என்பதும் இதிலேயே விளங்கும். ஒரு விலங்கு பத்து இடங்களில் தென்பட்டால் நம் பேச்சில் அது பத்தாகிவிடுகிறது.

ஒரே புலி என்றால் பிடித்துக்கொண்டு போய்விடலாமே? இந்தக் கேள்விக்கு விடை மகாராஷ்டிரத்திலிருந்து கிடைத்தது. அங்கே ஜுன்னார் பகுதியில் 2001 முதல் 2003 வரை கரும்புத் தோட்டங்களிலிருந்து 29 சிறுத்தைகளைப் பிடித்து, சராசரியாக 40 கிலோமீற்றர் தள்ளியுள்ள காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் தாக்கப்பட்டார்கள். இடமாற்றத்துக்குப் பின் அது 17 ஆனது. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். காரணத்தை ஆட்சிப்புலத்தை வைத்துச் சிந்தித்தால் பிடிபடும். பிடிபட்ட சிறுத்தை அறிமுகமில்லாத நிலத்தில், கூண்டில் அடிபட்ட உடம்போடும் மிரண்ட மனதோடும் இறக்கிவிடப்படுகிறது. எங்கே இரை, எங்கே தண்ணீர், எந்த லயத்தில் எப்போது ஆள் நடமாட்டம் என்று எதுவும் அதற்குத் தெரியாது. அங்கே ஏற்கனவே வாழும் சிறுத்தை அதை விரட்டும். பல வேளைகளில் அது வீடு நோக்கி நடக்கத் தொடங்கும். கழுத்துப்பட்டையில் செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட 'ஆஜோபா' என்ற ஆண் சிறுத்தை, 2009இல் மால்ஷேஜ் மலைக்கணவாயிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீற்றர் நடந்து, நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து மும்பையின் எல்லையை அடைந்தது. வழியில் யாரையும் அது தொடவில்லை.

காலியான இடமோ காலியாக இருப்பதில்லை. ஆட்சிப்புலம் தேடி அலையும் இளம் ஆண்கள் எப்போதும் சில இருக்கும். பழைய சிறுத்தையின் வாசனை மங்கியதும் அவற்றில் ஒன்றோ இரண்டோ வந்து சேரும். அவை அந்த இடத்துக்குப் புதியவை, அனுபவமற்றவை. எளிய இரையைத் தேடும். தோட்டத்தில் எளிய இரை, கட்டிப்போட்ட நாய். ஒரு சிறுத்தையை அகற்றிய மாதத்தில் நாய்கள் அதிகம் காணாமற்போனால், இன்னொரு புலியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அந்தச் சங்கிலிக்கு முடிவே கிடையாது.

நாயைத் தூக்குகிறதே, அப்படியென்றால் அது நாயைத் தின்றே வாழ்கிறதா? இதற்கு எச்சத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விரும்பிச் செய்யும் வேலை இல்லைதான். ஆனாலும் சிறுத்தையின் வாழ்க்கைக் குறிப்பு அதில்தான் எழுதியிருக்கிறது. இரையின் இறைச்சி செரித்துவிடும், மயிர் செரிக்காது. எச்சத்தைக் கழுவி உலர்த்தி, மயிரிழைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், மேற்பரப்பிலுள்ள செதில் அமைப்பும் உள்ளே ஓடும் நடுத்தண்டின் அமைப்பும் இனத்துக்கு இனம் வேறுபடுவது தெரியும். மரையின் மயிர் வேறு, காட்டுப்பன்றியின் மயிர் வேறு, குரங்கின் மயிர் வேறு. சிறுத்தை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது விழுங்கிய சொந்த மயிரும் அதில் கிடக்கும். இது நாயின் எச்சமா சிறுத்தையின் எச்சமா என்ற ஐயத்தை அது தீர்த்துவைக்கும். வட்டவளை போன்ற மழைநாட்டில் எச்சம் விரைவில் கரைந்துவிடுவதால், காலையிலேயே பாதைகளை நடந்து முடிக்க வேண்டும்.

நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டு வால்பாறை. அதுவும் மழைக்காட்டுத் துண்டுகளுக்கு நடுவே தேயிலை, அதுவும் லயங்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். அங்கே சுவாதி சித்து, சங்கர் ராமன், திவ்யா முடப்பா ஆகியோர் எச்சங்களை ஆராய்ந்தபோது, சிறுத்தை தின்ற இரையின் எடையில் ஏறக்குறைய 98 சதவீதம் காட்டு விலங்குகள். வீட்டு விலங்குகளின் பங்கு மிகச் சொற்பம். இதற்கு நேர்மாறானது மகாராஷ்டிரத்தின் அகோலே. அங்கே காடே இல்லை, கரும்பும் வெங்காயமும்தான். வித்யா ஆத்ரேயாவின் குழு கணக்கிட்டதில், சிறுத்தை உணவின் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள், நாய் மட்டும் 39 சதவீதம். ஒரே இனம், இரண்டு நிலம், இரண்டு சாப்பாடு. 10 முதல் 40 கிலோ எடையுள்ள எதையும் சிறுத்தை விரும்பும். அந்த அளவில் கேளையாடும் பன்றிக்குட்டியும் மரைக்கன்றும் கிடைத்தால் அவற்றைப் பிடிக்கும். அவை இல்லாவிட்டால் அதே அளவில் நாய் இருக்கிறது. அகோலேயில் சதுர கிலோமீற்றருக்கு 300க்கு மேற்பட்ட மனிதர்கள் நெருங்கி வாழும் வயல்வெளியில், 100 சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 முதிர்ந்த சிறுத்தைகள் இருந்தன. அந்த ஆய்வுக்காலத்தில் அங்கே ஒரு மனித உயிரும் போகவில்லை.

நம் மலைகள் அகோலேயைவிட வால்பாறைக்கே நெருக்கம். பன்றியும் கேளையும் மரையும் முள்ளம்பன்றியும் குரங்கும் இன்னும் இருக்கின்றன. அஞ்சலி வொட்சனும் அண்ட்ரூ கிட்டிலும் மற்ற இருவருடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தீவளாவிய ஆய்வு, சிறுத்தை எங்கே வாழும் என்பதைக் காட்டின் பரப்பும் பாதுகாப்பின் அளவுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. தோட்டத்துக்கு இதை மொழிபெயர்த்தால், ஓடையோரக் காட்டுத் துண்டை விறகுக்காக வெட்டித் தீர்ப்பது நாயின் ஆயுளையும் சேர்த்துக் குறைக்கும்.

மனிதரைத் தின்ற சிறுத்தை இத்தீவில் இருந்ததே இல்லையா? இருந்தது. மட்டக்களப்பு மாவட்டத்துப் புணானையில் பன்னிரண்டு பேரையாவது கொன்ற சிறுத்தையை 1924இல் ஷெல்டன் ஏகர் என்பவர் சுட்டார். நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த ஒன்றையே பெயர் சொல்லிப் பேசுகிறோம், அவ்வளவு அரிதான நிகழ்வு அது. இன்று கொழுந்து மலையில் நேரும் காயங்கள் வேறு வகை. இடுப்பளவு தேயிலையின் அடியில், கிளைகள் கூரைபோல மூடிய நிழலில், பகலில் சிறுத்தை படுத்திருக்கும். குட்டி போட்ட தாய் என்றால் குட்டிகளையும் அங்கேயே ஒளித்து வைத்திருக்கும். தலையில் கட்டிய கூடையோடு குனிந்து நிரை பிடித்து வரும் பெண் இரண்டு முழ தூரத்துக்கு வரும்வரை இருவருக்கும் தெரியாது. திடுக்கிட்ட விலங்கு ஓடுகிற வழியில் ஆள் நின்றால் அறைந்துவிட்டு ஓடும். அடிக்கு உள்ளான பெண்ணுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது. தையல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் பேர்போடாத நாட்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு தோட்ட நிர்வாகத்துக்கும் அரசுக்கும் உண்டு, சிறுத்தைப் பாதுகாப்பைப் பேசுகிற எல்லோருக்கும் உண்டு.

சிறுத்தையால் மனிதருக்கு நேர்வதைவிடப் பெரிய கேடு மனிதரால் சிறுத்தைக்கு நேர்கிறது. அதன் பெயர் சுருக்குக் கம்பி. லயத்தோரத்து மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப்போட்டுவிடும். கடன் வாங்கி விதைத்த உருளைக்கிழங்கு அது. ஆகவே வேலியோரத்தில் வண்டிகளின் பிரேக் கம்பியைச் சுருக்கிட்டுக் கட்டுகிறார்கள். இறைச்சிக்காகக் கட்டுகிறவர்களும் உண்டு. பன்றி போகும் பாதையில்தான் பன்றியைத் தேடும் சிறுத்தையும் போகும். தலையும் தோளும் நுழைந்தபின் கம்பி இடுப்பில் இறுகும். திமிறத் திமிற மேலும் இறுகும்.

அப்படிச் சிக்கிய சிறுத்தையை வனஜீவராசிகள் திணைக்கள மருத்துவர்கள் மயக்க ஊசி போட்டு மீட்டபின், மேலே பெரிய காயம் தெரியாமலும் அது சில நாட்களில் இறந்துபோவதுண்டு. மீட்டவர்கள் மேல் மக்கள் கோபப்படுவார்கள். உடம்புக்குள் நடப்பது இதுதான்: மணிக்கணக்கில் வெறிகொண்டு திமிறும்போது தசைநார்கள் வெந்துபோனதுபோலச் சிதைகின்றன. சிதைந்த தசையிலுள்ள செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத்தின் துடிப்பைக் குலைக்கிறது. இதைப் பிடிபாட்டுத் தசைச்சிதைவு எனலாம். கம்பியை அறுத்த கணத்தில் விலங்கு எழுந்து ஓடினாலும், சிதைவு உள்ளே தொடரும். எனவே சிக்கியதைக் கண்டவர்கள் கூட்டம் கூடிக் கூச்சலிடாமல், படம் எடுக்க நெருங்காமல், உடனே தகவல் கொடுப்பது அதன் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு முறை மிரளும்போதும் அது இன்னும் பலமாகத் திமிறும்.

2020 மே மாதக் கடைசியில், நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கு ஒன்றில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. இலங்கையில் கருஞ்சிறுத்தை அழிந்தேவிட்டதோ என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. உயிரோடு மீட்டு உடவலவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. நாடே துக்கப்பட்டது. அதே மலைகளில் அதே கம்பியில் சாகும் மஞ்சள் சிறுத்தைகளுக்கு அந்தத் துக்கம் கிடைப்பதில்லை. அந்தக் கருஞ்சிறுத்தையின் மரபணு அவற்றின் உடம்பிலும் ஓடியிருக்கக்கூடும் என்பதை மேலே பார்த்தோம்.

தோட்டத்தில் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நாயை இரவில் வெளியே சங்கிலியில் கட்டாமல் உள்ளே அல்லது அடைத்த கூட்டில் விட வேண்டும். கட்டிய நாய் ஓடவும் முடியாது. லயத்துக் குப்பையை ஒழுங்காக அகற்றினால் தெருநாய்களும் பன்றிகளும் அங்கே கூடுவது குறையும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வருவதும் குறையும். காலையில் மலையில் நிரை பிடிக்குமுன், குறிப்பாகக் கவ்வாத்து வெட்டிப் பல வருடமான அடர்ந்த மலைகளிலும் ஓடைக்கு அருகிலும், தகரத்தைத் தட்டியோ உரக்கப் பேசியோ சத்தம் எழுப்பிவிட்டு, சிறிது நேரம் பொறுத்து இறங்கலாம்; எச்சரிக்கை கிடைத்தால் சிறுத்தை தானாக விலகிப் போகும். தேயிலைக்கடியில் குட்டிகளைக் கண்டால் தூக்கக் கூடாது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், அன்றிரவே வேறிடத்துக்கு எடுத்துப் போய்விடும்; அந்த மலையில் ஒரு நாள் வேலையை நிறுத்தி வேறு மலைக்கு ஆட்களை அனுப்ப நிர்வாகம் சம்மதித்தாலே போதும். மரக்கறித் தோட்டத்தைக் காக்கக் கம்பிச் சுருக்குக்குப் பதிலாகத் தகர வேலிக்கும் வலை வேலிக்கும் உதவி கொடுத்து, வேலியோரங்களை வாரம் ஒருமுறை நடந்து பார்த்துச் சுருக்குகளைக் கழற்றும் வேலையைத் தோட்டத்து இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு கொடுக்கலாம். எந்தப் பாதையில் பன்றி இறங்கும், எந்தக் கானோரம் கம்பி கட்டுவார்கள் என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.